எந்த டேங்க்?

ஆங்கிலத்திலிருந்து வந்து நம் வாயில் தினமும் புழங்கும் சொற்களில் "டேங்க்" போல உழைக்கும் சொல் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. காலையில் மோட்டார் போட்டு டேங்க் நிரப்புகிறோம். வண்டியை எடுத்தால் பங்கில் "டேங்க் ஃபுல்" என்கிறோம். மழைக்காலம் முடிந்ததும் செப்டிக் டேங்க் லாரிக்குப் போன் போடுகிறோம். பேரன் மீன் வளர்க்க ஒரு டேங்க் கேட்கிறான். கோடையில் தெருமுனையில் மெட்ரோ வாட்டர்காரர்கள் வைத்திருக்கும் கறுப்பு டேங்க்கின் முன்னால் குடங்களை வரிசையாக வைத்தவர்கள் நம்மில் பலர். இதெல்லாம் தமிழ்நாடு முழுக்க உள்ளதுதான். ஆனால் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சொல்லில் இன்னும் இரண்டு அர்த்தங்கள் கூடுதலாக உண்டு. ஒன்று போர்க்களத்து டேங்க். இன்னொன்று ஏரி.

"ஆவடி டேங்க்" என்று ஒரு கோப்பின் மேல் எழுதியிருந்தால் அது பொதுப்பணித் துறைக் கோப்பா, பாதுகாப்புத் துறைக் கோப்பா என்று பார்த்த பிறகுதான் உள்ளே இருப்பது தண்ணீரா, பீரங்கியா என்று சொல்ல முடியும். இது வெறும் வேடிக்கை இல்லை. ஏரிக்கு வந்த பெயர்தான் சுற்றிச் சுற்றி பீரங்கி வண்டிக்குப் போய், திரும்ப ஏரிக்கரைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பிறப்பைப் பார்ப்போம். இது ஆங்கிலச் சொல்தானே என்று கேட்டால், முழுக்க இல்லை. 1600களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர்கள் நம் ஊர்க் குளங்களையும் ஏரிகளையும் பற்றி எழுதும்போதுதான் இந்தச் சொல்லை அதிகம் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அவர்களுக்கு முன்பே இங்கே இருந்தவர்கள் போர்த்துகீசியர். சாந்தோமில் அவர்கள் குடியேறியது 1520களில். ஆங்கிலேயர் சென்னையில் கால் வைத்தது 1639ல். அந்தக் காலத்தில் கடற்கரை வியாபாரத்துக்குப் பொது மொழியாக இருந்தது ஒருவகைப் போர்த்துகீசியம். நம்மிடம் சாவி, ஜன்னல், அலமாரி, பீப்பாய், ஏலம் எல்லாம் அப்படி வந்தவைதான். அவர்கள் மொழியில் "டாங்க்கே" என்றால் நீர்த்தேக்கம். தேக்கு, அடை என்று பொருள்படும் வினையோடு சேர்ந்த சொல்.

இன்னொரு பக்கம் குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் "டாங்க்கு", "டாங்க்கா" என்ற சொல் இன்றைக்கும் இருக்கிறது. மழைநீரைச் சேமிக்க வீட்டுக்கு அடியில் கட்டும் தொட்டிக்கு அங்கே அதுதான் பெயர். அகமதாபாத்தின் பழைய வீடுகளின் முற்றத்துக்குக் கீழே அப்படிப்பட்ட தொட்டிகளை இன்றும் பார்க்கலாம். போர்பந்தரில் காந்தி பிறந்த வீட்டிலும் ஒன்று உண்டு.

ஆக, இது எங்கிருந்து வந்தது, குஜராத்தியா, போர்த்துகீசியமா? இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களுக்கென்று 1886ல் வெளிவந்த "ஹாப்சன் ஜாப்சன்" அகராதி, இரண்டும்தான் என்கிறது. நாட்டுச் சொல் ஒன்றும் ஐரோப்பியச் சொல் ஒன்றும் ஒலியிலும் பொருளிலும் ஒன்றாக அமைந்து, கலந்துவிட்டன என்பது அதன் முடிவு. அந்த அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல், நம் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். ஏரியையும் குளத்தையும் கண்ணால் பார்த்தவர் என்பதால் அவர் சொல்வதை நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்புகிறேன்.

இங்கே நம் ஆட்கள் சிலர் சொல்லும் ஒரு விளக்கத்தையும் சொல்லியாக வேண்டும். டேங்க் என்பது "தாங்கல்" என்ற தமிழ்ச் சொல்தான் என்பார்கள். தாங்கல் என்றால் சிறிய ஏரி. நம் பக்கத்து ஐயப்பன்தாங்கல், விமான நிலையத்துக்கு அருகே பழவந்தாங்கல், பறவைகள் வரும் வேடந்தாங்கல் எல்லாம் அந்தத் தாங்கல்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பூந்தமல்லி சாலையில் பஸ்ஸில் போகும்போது "ஐயப்பன்தாங்கல் எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுத்தால், "ஐயப்பன் டேங்க்" என்றே எனக்கு ஒரு நொடி காதில் விழும். ஆனால் ஒலி ஒத்திருப்பது மட்டும் போதாது. தமிழிலிருந்து போனதற்குச் சான்று வேண்டும். அந்தச் சொல் முதலில் பதிவானது மேற்குக் கடற்கரைப் பக்கத்து எழுத்துகளில். அதனால் ஆசை இருந்தாலும் இதை நான் ஏற்பதில்லை.

இதே ரகத்தில் இன்னொன்று, ஆவடி என்ற பெயரே ஆங்கிலச் சுருக்கம் என்பது. "ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா" என்பதன் முதல் எழுத்துகளாம். படித்தவர்களே சொல்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக் கொடுக்கிறார்கள். 1955 ஜனவரியில் நடந்த காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்ட மாநாடு, நாடு முழுவதும் "ஆவடி காங்கிரஸ்" என்றே பெயர் பெற்றது. டேங்க் தொழிற்சாலை வந்ததோ 1961ல். பிள்ளை பிறக்கும் முன்பே பிள்ளையின் பெயரை வைத்து ஊருக்குப் பெயர் வைக்க முடியுமா? ஊர் பழைய ஊர், பெயரும் பழைய பெயர்.

சரி, ஏரிக்கு வருவோம். ஆங்கிலேயர் வந்தபோது நம்மிடம் நீர்நிலைகளுக்கு ஒரு பெரிய சொற்குவியலே இருந்தது. பாசனத்துக்கு ஏரி. மதுரை, ராமநாதபுரம் பக்கம் அதுவே கண்மாய். சிறியது என்றால் தாங்கல், ஏந்தல். குளிக்கக் குளம், குடிக்க ஊருணி, மாட்டுக்குக் குட்டை, கோயிலுக்குத் திருக்குளம், தெப்பம் விட்டால் தெப்பக்குளம். மலையில் சுனை. அல்லி பூத்த கேணி இருந்த இடம் திருவல்லிக்கேணி. இவற்றில் எது எதற்கு என்பது அந்தப் பெயரிலேயே இருக்கும். ஊருணியில் யாரும் மாடு குளிப்பாட்ட மாட்டார்கள்.

இத்தனைக்கும் சேர்த்து வெள்ளைக்காரர்கள் ஒரே சொல்லை வைத்தார்கள். மயிலாப்பூர்க் கோயில் குளமும் டேங்க். செம்பரம்பாக்கம் ஏரியும் டேங்க். ஒன்றைச் சுற்றி வர பத்து நிமிஷம். இன்னொன்று நிறைந்தால் 3,645 மில்லியன் கனஅடி. சென்னை நகரத் தெருப் பெயர்களில் அந்தச் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாக சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த அந்த ஏரிக்கு "லாங் டேங்க்" என்று பெயர். 1920களில் அதை வற்றவைத்து எழுப்பியதுதான் தியாகராய நகர். பாக்கி இருந்த இடத்தில் பிறகு வள்ளுவர் கோட்டம் வந்தது. எழும்பூர் பக்கம் ஸ்பர் டேங்க் ரோடு என்றால் இன்றும் ஆட்டோக்காரர் கொண்டு விடுவார். எந்த டேங்க் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது, ஏறியவருக்கும் தெரியாது.

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது என்பதுதான் என் கட்சி. டேங்க் என்றால் நாலு பக்கமும் சுவர் உள்ள ஒரு பாத்திரம் கண்ணுக்குத் தெரிகிறது. ஏரி அப்படிப்பட்டது இல்லை. ஏரிக்கு மூன்று பக்கம்தான் கரை; நான்காவது பக்கம் மேட்டு நிலம், அங்கிருந்துதான் தண்ணீர் வரும். அந்த மேடு நீர்ப்பிடிப்பு. தண்ணீரைக் கொண்டுவர வரத்துக் கால்வாய், வயலுக்கு விட மதகு, நிறைந்து வழிந்தால் வெளியேற கலங்கல், வழிந்த தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போக இன்னொரு கால்வாய், பாய்கிற நிலத்துக்கு ஆயக்கட்டு. இத்தனையும் சேர்ந்ததுதான் ஏரி. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூர் ஏரிக்குப் போகும். அதற்கும் கிழக்கே ரெட்டேரி என்று சங்கிலியாக இறங்கும். இதில் ஒரு கண்ணியை அறுத்தால் மேலே உள்ளவன் மூழ்குவான், கீழே உள்ளவன் காய்வான்.

இதைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஆட்கள் வேண்டும். 919, 921 ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏரிக்கென்று தனிக் குழு! டேங்க்குக்குக் குழு தேவையில்லை, ஒரு பிளம்பர் போதும்.

வெள்ளைக்கார இன்ஜினியர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. டேங்க் என்று எழுதினாலும், அதன் உறுப்புகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் கிடைக்காமல் நம் சொற்களையே எடுத்துக்கொண்டார்கள். கலங்கலை, நம் பக்கத்துப் பேச்சில் கலிங்கலை, "காலிங்குலா" என்று எழுதி வைத்தார்கள்; பாசன அறிக்கைகளில் அது சகஜமாக வரும், ஹாப்சன் ஜாப்சனிலும் தனிச் சொல்லாக இருக்கிறது. ஆயக்கட்டு இன்றும் இந்தியா முழுக்க நீர்வளத் துறை ஆங்கிலத்தில் "அயகட்". பஞ்சாபில் உள்ள இன்ஜினியர்கூட அப்படித்தான் எழுதுகிறார், அது நம் சொல் என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ.

நகரத்துக்குக் குடிநீர் தந்ததும் ஏரிதான். புழல் ஏரியிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் 1872ல் நடைமுறைக்கு வந்தது. திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வரை வந்த தண்ணீர். 1914ல் கீழ்ப்பாக்கத்தில் நவீன சுத்திகரிப்பு நிலையம் வந்தது. பாசன ஏரி ஒன்று பட்டணத்துக்குத் தண்ணீர்த் தொட்டியாக மாறியது அப்போதுதான். அன்று முதல் புழல் ஏரியைப் பொறுத்தவரை டேங்க் என்ற சொல் ஓரளவு பொருந்தியும் போனது.

இதற்கிடையில் அந்தச் சொல் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்விட்டிருந்தது. இந்தியாவில் பரந்த ஏரியாக இருந்தது அங்கே போனதும் சுருங்கி, தகரத்தாலோ மரத்தாலோ செய்த கொள்கலனாகிவிட்டது. குளிர் நாட்டில் ஏரிக்கு வேறு சொல் ஏற்கெனவே இருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது தொட்டிக்கு ஒரு பெயர். அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் குட்டையை இன்னும் டேங்க் என்கிறார்கள். நம் அர்த்தத்துக்கு அங்கே ஒரு சொந்தக்காரன் இருப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

முதல் உலகப் போர். 1915. பிரான்சில் இரண்டு பக்கமும் பதுங்குகுழி வெட்டி, முள்கம்பி போட்டு, இயந்திரத் துப்பாக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஓரடி முன்னால் நகர முடியவில்லை. குண்டு துளைக்காத இரும்பு உடம்பும், பள்ளத்தில் ஏறி இறங்கும் சங்கிலிச் சக்கரமும் உள்ள ஒரு வண்டி இருந்தால் முள்கம்பியை நசுக்கிப் போய்விடலாம் என்ற யோசனை பிரிட்டனில் சிலருக்கு வந்தது. கடற்படைக்காரர்கள் இதில் முக்கியப் பங்கு எடுத்ததால் முதலில் "நிலக் கப்பல்" என்று பெயர் வைத்தார்கள். லிங்கன் நகரில் ஒரு தொழிற்சாலையில் ரகசியமாக வேலை நடந்தது. ஆனால் இவ்வளவு பெரிய இரும்புப் பெட்டியை எப்படி மறைப்பது? நிலக் கப்பல் என்று சொன்னால் கேட்ட மாத்திரத்தில் எதிரிக்குப் புரிந்துவிடுமே. மெசபடோமியா பாலைவனத்துச் சிப்பாய்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டி என்று வெளியில் சொன்னார்கள். "வாட்டர் கேரியர்" என்றே பெயர் வைத்துவிடலாம் என்றால், அதன் முதல் இரண்டு எழுத்துகளும் கக்கூஸ் கதவில் எழுதும் எழுத்துகள் ஆகிவிடுகின்றன, கமிட்டிக்கு அப்படிப் பெயரா என்று ஒருவர் முகம் சுளித்ததாகச் சொல்வார்கள். 1915 டிசம்பரில் சுருக்கமாக, யாருக்கும் சந்தேகம் வராத ஒரு சொல்லாகத் தேர்ந்தெடுத்ததுதான் "டேங்க்".

அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவர்களில் முக்கியமானவர் எர்னஸ்ட் ஸ்விண்டன் என்ற ராணுவ அதிகாரி. இவர் பிறந்தது 1868ல், பெங்களூரில். அப்பா சென்னை மாகாண அரசுப் பணியில் நீதிபதி. அந்தக் காலத்துப் பெங்களூர் டேங்க்குகளின் ஊர். அல்சூர் டேங்க், சம்பங்கி டேங்க் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று. அந்த நினைவில்தான் இந்தப் பெயர் வந்தது என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனாலும் சென்னை மாகாணத்து நீதிபதி வீட்டில் டேங்க் என்றால் தகர டப்பா மட்டும் இல்லை என்று தெரிந்து வளர்ந்த குழந்தை அவர்.

1916 செப்டம்பர் 15 அன்று, சோம் நதிப் போரில், ஃப்ளேர் என்ற கிராமத்துப் பக்கம் டேங்க் முதன்முதலாகக் களமிறங்கியது. புறப்பட்டவற்றில் பல சேற்றில் சிக்கி நின்றன, சில பழுதாயின. ஆனால் பெயர் நின்றுவிட்டது. ரகசியத்துக்காக வைத்த பொய்ப் பெயர், ரகசியம் வெளியான பிறகும் போகவில்லை. இன்று ரஷ்யனும் அந்த வண்டியை அப்படியே டேங்க் என்கிறான்.

அந்த டேங்க்தான் நம் ஊருக்கு வந்தது. 1961ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965 டிசம்பரில், அந்த ஆண்டுப் போர் ஓய்ந்து சில மாதங்களே ஆன நிலையில், முதல் "விஜயந்தா" வெளியே வந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனி வடிவமைப்பு. 39 டன் எடை, 105 மில்லிமீட்டர் பீரங்கி, உள்ளே நாலு பேர். இந்தியாவில் தயாரான முதல் டேங்க். அதற்குப் பிறகு ரஷ்ய வடிவமைப்பில் அஜேயா, பீஷ்மா. இங்கேயே உள்ள சி.வி.ஆர்.டி.இ. ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது அர்ஜுன். அதன் புதிய வகை 68 டன்னுக்கு மேல். 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் நடந்த விழாவில் பிரதமர் அதை ராணுவத்திடம் ஒப்படைத்தார்.

அரசாங்கம் ஹெவி வெஹிக்கிள்ஸ் பேக்டரி என்று நீளமாகப் பெயர் வைத்தாலும், ஜனங்களுக்கு அது முதல் நாளிலிருந்து "டேங்க் பேக்டரி"தான். மதுரையிலிருந்து முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்த என் மைத்துனர், பஸ்ஸில் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு வழியெல்லாம் யோசித்திருக்கிறார். வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி:

"ஏன் அத்தான், தண்ணி டேங்க் செய்யறதுக்கா இவ்வளவு நீளம் காம்பவுண்டு சுவரு, மேல முள்கம்பி, வாசல்ல துப்பாக்கியோட ஆளு?"

"தண்ணி டேங்க் இல்லப்பா, சண்டை டேங்க்."

"அதான பார்த்தேன். டாங்கின்னு சொல்ல வேண்டியதுதான?"

லிங்கன் நகரத்துத் தொழிலாளிகளிடம் 1915ல் சொன்ன பொய்யை, அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எங்கள் மைத்துனர் யாரும் சொல்லாமலே நம்பியிருக்கிறார்! அந்த வகையில் அந்தப் பெயர் வைத்தவர்களுக்குப் பாராட்டுத்தான்.

அவர் சொன்ன "டாங்கி"யில் ஒரு நியாயம் இருக்கிறது. உச்சரிப்பை வைத்தே அர்த்தத்தைப் பிரிக்கும் வேலையைத் தமிழ் செய்திருக்கிறது. ஆங்கிலத்தில் அது ஒரே மூச்சில் முடியும் சொல். முதல் உயிரெழுத்து ஆவுக்கும் ஏவுக்கும் நடுவில் எங்கோ நிற்கும், நமக்கு அது கிடையாது. அதனால் பெரியவர்கள் டாங்கு என்றார்கள், நாம் டேங்க் என்கிறோம், கிராமத்தில் டேங்கி என்பார்கள். டாங்கி என்று எழுதினால் பத்திரிகையில் அது போர் வண்டி மட்டுமே. மாடியில் இருப்பதை யாரும் டாங்கி என்று எழுதுவதில்லை. ஊராட்சிக்காரர்கள் மட்டும் "மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி" என்று பெயின்டில் எழுதுவார்கள். அதை வாயால் சொன்ன ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. "டேங்க் மேல ஏறிட்டான்யா" என்றுதான் ஊர் ஓடும்.

சென்னைப் பேச்சில் இன்னொரு குழப்பமும் உண்டு. நன்றி சொல்லும் "தேங்க்ஸ்" நம் வாயில் "டாங்க்ஸ்பா" ஆகிவிடும். ஆங்கிலக்காரன் காதில் அது "பல டேங்க்குகள் அப்பா" என்றுதான் விழ வேண்டும்.

எல்லாரையும்விட அழகாக இதைக் கையாண்டவர்கள் இலங்கைத் தமிழர்கள். அவர்கள் மாடித் தொட்டியைத் "தண்ணீர்த் தாங்கி" என்பார்கள். போர் வண்டி "யுத்தத் தாங்கி". ஒலி டேங்க்கை ஒட்டியே இருக்கிறது, ஆனால் தாங்கு என்ற தமிழ் வினை உள்ளே புகுந்து சொல்லைச் சொந்தமாக்கிக்கொண்டது. தண்ணீரைத் தாங்குவதும் தாங்கி, குண்டைத் தாங்குவதும் தாங்கி. நீர்நிலைக்கு மட்டும் அவர்கள் இந்தச் சொல்லைக் கொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் "ஜயன்ட்ஸ் டேங்க்" என்று எழுதும் மன்னார் நீர்த்தேக்கம் அவர்களுக்குக் கட்டுக்கரைக் குளம். ஐயப்பன்தாங்கலில் தாங்கலை வைத்துக்கொண்டு நமக்கு இது தோன்றாமல் போனது கொஞ்சம் வருத்தம்தான்.

வீட்டு டேங்க் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் தலைமுறை சிமென்ட் தொட்டி கட்டியது. பாசி பிடிக்கும், விரிசல் விடும், வருஷம் ஒரு தடவை உள்ளே இறங்கித் தேய்க்க வேண்டும். பிறகு வந்த கறுப்பு பிளாஸ்டிக் டேங்க்குக்குக் கம்பெனிப் பெயரே பெயராகிவிட்டது. வேறு கம்பெனி டேங்க்கையும் சின்டெக்ஸ் என்றுதான் சொல்கிறோம். அந்த சின்டெக்ஸ் பிறந்த இடம் குஜராத்தில் உள்ள கலோல். டாங்க்கு என்ற சொல்லும் டேங்க் என்ற பொருளும் ஒரே மாநிலத்திலிருந்து, முந்நூறு நானூறு வருஷ இடைவெளியில் நம் மொட்டை மாடிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. செப்டிக் டேங்க் பற்றிப் பேச எனக்குப் பிடிக்காது, பேசாமல் இருப்பதும் தப்பு. அதற்குள் மனிதனைப் பாதுகாப்பில்லாமல் இறக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. அப்புறமும் பேப்பரில் அந்தச் செய்தி வருகிறது.

மறுபடியும் ஏரி. எனக்கு உறுத்துவது இதுதான். சட்டத்திலும் ரெக்கார்டிலும் ஏரி இன்னும் டேங்க்தான். 2007ல் தமிழக அரசு கொண்டுவந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது "டேங்க்ஸ்". மாநிலத்தில் சுமார் 39,000 ஏரிகள். பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். நம் ஊர்கள் எல்லாம் ஒரு காலத்தில் அந்த ஜில்லாதான். தொழிற்சாலைகள் வந்தன, வயல்கள் மனைகளாயின. ஆயக்கட்டு போய்விட்டதால் ஏரிக்கு வேலை இல்லை என்ற நினைப்பு வந்தது. வேலையில்லாத பாத்திரத்தில் வேறு எதையாவது போட்டு வைக்கலாம் அல்லவா? முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் கட்டிய குடியிருப்புக்கு "ஏரி ஸ்கீம்" என்று பெயர். மறைக்கக்கூட இல்லை, பெயரிலேயே இருக்கிறது. தனி ஆள் ஏரியில் வீடு கட்டினால் ஆக்கிரமிப்பு, அரசாங்கம் கட்டினால் ஸ்கீம்.

பாத்திரம் காலியாகிவிட்டது என்று நாம் நினைத்தாலும் மேட்டுக்கு அது தெரியாது. தண்ணீர் பழைய வழியிலேயே வருகிறது. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு சுமார் 29,000 கனஅடி திறக்கப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியது உலகத்துக்கே தெரியும். அதே நாட்களில் கொரட்டூரில் தெருத்தெருவாகத் தண்ணீர் நின்றதை இங்கே உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்குள் தண்ணீர் புகுந்து மெஷின்கள் முழுகின. "எங்கிருந்துய்யா இவ்வளவு தண்ணி வருது?" என்று இளம் வயது சூப்பர்வைசர்கள் கேட்டார்கள். ஏரி என்ற சொல்லைத் தெரிந்து வளர்ந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நல்லது நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆவடி பருத்திப்பட்டு ஏரியை 2019ல் பசுமைப் பூங்காவாக்கினார்கள். நடைபாதை இருக்கிறது, சாயங்காலம் நம் வயதுக்காரர்கள் நிறையப் பேர் நடக்கிறோம். பறவைகள் வருகின்றன. பெயர்ப் பலகையிலும் ஏரி என்றுதான் பேச்சு.

ஆனால் அதே 2019ல்தான் புழலும் செம்பரம்பாக்கமும் பூண்டியும் சோழவரமும் சேர்ந்தாற்போல் வறண்டன. அப்போது ஜோலார்பேட்டையிலிருந்து காவிரித் தண்ணீரை ரயிலில் கொண்டுவந்தார்கள். ஜூலை 12 அன்று முதல் ரயில். 50 டேங்க் வேகன்கள், மொத்தம் 25 லட்சம் லிட்டர். அரக்கோணம் தாண்டி, ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் என்று நம் ஏரிகள் இருக்கும் ஊர்களின் வழியாகவே வந்து, வில்லிவாக்கத்தில் நின்றது. அங்கிருந்து குழாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. 1872ல் புழல் தண்ணீர் கால்வாயில் வந்து சேர்ந்த அதே கீழ்ப்பாக்கத்துக்கு.